ராகு காலத்தில் கடத்தப்பட்ட தங்கச்சி

எனக்கு எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தவள். இப்படியொரு பேச்சை நான் கேட்டதில்லை.

பாரிஸில், லா சப்பல் தமிழ்க் கடையொன்றில் றோல்ஸ் தின்ன வாங்குவமென்று வரிசையில் நின்றேன். முன்னால் நின்ற பெடியன் கூட வந்த பெட்டையிடம் சொன்னான்:

“தங்கச்சியைக் கடத்திப்போட்டாங்கள். தமையன் ரெண்டு மணித்தியாலமா மீன் பிடிக்கிறான்!”

இருவரும் படிப்புக்காகக் கணினி விளையாட்டு ஒன்று செய்கிறார்களாம். கதை அவளுடையது, படம் அவனுடையது. விளையாடுகிறவர்கள் தமையனைத் தங்கச்சியைத் தேட விடாமல் ஊரில் மீன் பிடிக்க வைக்கிறார்களாம். நாலு மணிக்கு வாத்தியாருக்குக் காட்டித் தேறாவிட்டால் இந்த வருடமே வீண்.

“அப்ப மீனை எடுத்துவிடடா,” என்றாள்.

“ஊர் முழுக்க நான் கீறினது. ஒருத்தரும் பாராமல் ஓடுறதோ? உன்ரை கதையிலை வாற தாயைக் கத்தாமல் இருக்கச் சொல்லு.”

“பிள்ளையைக் காணேல்லை. கத்தாட்டி அவ தாயோ?”

வரிசை நகர்ந்தது. இருவரும் நகரவில்லை. திடீரென்று அவள் சிரித்தாள்.

“என்ரை அம்மா என்ன அவசரமெண்டாலும் ராகு காலத்திலை வெளிக்கிட விடமாட்டா. இந்தத் தாயும் ஊரைத் தாண்ட விடாமல் மறிக்கட்டும். அது முடியுமட்டும் தமையன் ஊருக்குள்ளை சுத்தட்டும். ராகு காலம் முடிஞ்சால் மீனுமில்லை, ஒண்டுமில்லை. ஓட்டந்தான்!”

“பிரெஞ்சு வாத்திக்கு ராகு காலம் விளங்குமோ?”

“நான் விளங்கப்படுத்துவன். நீ கொம்பியூட்டரைத் திற.”

றோல்ஸ் வாங்காமலே போய்விட்டார்கள்.

மோனை, நான் சொல்லச் சொல்ல நீ எழுதினதை எனக்கு ஒருக்கா வாசித்துக் காட்டு. அந்தப் பெட்டையின் பேச்சில் மட்டும் கை வைக்காதே.