கல்விளக்கைக் காத்த ஆமை

"ஊர்ல இத்தனை இடம் இருக்கு, உங்க பிராணிய வைக்க இதுதான் கெடைச்சுதா, சுகிமோரி சான்?"

"சத்தியமா நான் அடிக்கல, ஹிசாயே சான். காலியாக் கெடந்துச்சு, வச்சேன்."

"கதவு தொறந்து கெடந்தா வீட்டுக்குள்ளயும் வந்து உக்காந்துக்குவீங்களா? நேத்து வரைக்கும் அவர் பேர் இங்க இருந்துச்சு."

பூங்காவின் கல்விளக்கருகே இருவரும் செல்பேசியை நீட்டியபடி நின்றார்கள். ஹிசாயே எங்கள் குடியிருப்பின் மூன்றாம் மாடிக்காரி, கணவனை இழந்தவள். சுகிமோரி முடிதிருத்தும் கடைக்காரர், மனைவியை இழந்தவர். வெங்காயத்தாள் பையோடு நானும் நின்றேன். சண்டையைக் கண்டால் எனக்குக் கால் நகராது.

ஜப்பானின் சகாய் நகரத்தில் எங்கள் வயதுக்காரர்கள் பாதிப்பேர் அந்த விளையாட்டில் இருந்தோம். சேரக் காசு கேட்கவில்லை. மருத்துவரும் நடக்கச் சொல்லியிருந்தார். நடக்க நடக்கச் செல்பேசியில் விசித்திரப் பிராணிகள் அகப்படும். கல்விளக்கு மாதிரியான இடங்கள் விளையாட்டில் கோட்டைகள். அங்கே ஒரு பிராணியைக் காவல் வைத்தால் அதன் தலைக்கு மேல் நம் பெயர் தெரியும். எதிரணி வீழ்த்தினால் அது நம் கணக்குக்குத் திரும்பிவிடும்.

ஹிசாயேயின் கணவர் மசநோரி மருத்துவமனைக்குப் போன அன்று ஓர் ஆமையை வைத்துவிட்டுப் போனார். அவர் திரும்பவில்லை, ஆமை இருந்தது. அதன் பலம் குறையாமலிருக்க ஹிசாயே தினமும் தன் செல்பேசியிலிருந்து பழம் கொடுத்தாள். எதிரணியான நாங்கள், சுகிமோரி உட்பட, அதைத் தொடவில்லை. யாரும் கூடிப் பேசி முடிவெடுக்கவில்லை. கடக்கும்போது சிலர் லேசாகத் தலைகுனிவதும் உண்டு.

"அவர் கணக்கோட கடவுச்சொல் எனக்குத் தெரியாது. ஒரு தடவ விழுந்தா, அப்புறம் வைக்கவே முடியாது," என்று என்னிடம் மட்டும் சொல்லியிருந்தாள்.

சண்டை நடந்த அந்தச் செவ்வாய்க்கிழமை காலை, அந்த ஆமையை நான்தான் அடித்தேன். மூன்று சுற்று. பத்து நிமிடம்கூட ஆகவில்லை.

அவள் நல்லதுக்குத்தான். சுகிமோரியின் வேடிக்கைப் பேச்சுக்கு அவள் சிரிக்க ஆரம்பித்திருந்தாள். சிரித்த கையோடு விளக்கைப் பார்ப்பாள், முகம் வாடிவிடும். இரண்டு வருடம் போதாதா? அவளை விடுவிக்கிறேன் என்றே நினைத்தேன்.

சுகிமோரியிடம் போனதும் நான்தான். "யாரோ அடிச்சிட்டாங்க. வெளியாள் புகுறதுக்குள்ள உங்களோடத வைங்க, அவங்களுக்கு ஆறுதலா இருக்கும்," என்றேன். பாவம், ஒரு வாடிக்கையாளரை முகத்துச் சோப்பு நுரையோடு அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

சண்டையின் நடுவே அவர் ஒரு தடவை என்னைப் பார்த்தார். நான் புறாக்களைப் பார்த்தேன். அவர் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அப்படிப்பட்ட மனிதர்.

ஹிசாயே அவரிடம் அப்புறம் பேசவில்லை. ஏப்ரலில் ஒகாயாமாவிலிருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விட்டாள். பெட்டிகளை நான்தான் கட்டிக்கொடுத்தேன். வண்டி கிளம்பும்போது என் கையைப் பிடித்து, "இங்க எனக்குன்னு இருந்தது நீங்க ஒருத்திதான்," என்றாள். அந்தக் கையால் அன்று முழுக்க என்னால் சாப்பிட முடியவில்லை.

இலையுதிர் காலத்தில் சுகிமோரி மறுமணம் செய்துகொண்டார். என்னைத்தான். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.