மூன்றில் நின்ற முள்

குளிர்காலத்தில் பழைய வண்டியைக் காலையில் எடுத்ததும் எஞ்சினுக்குள் டிக் டிக் என்று சத்தம் வந்தால் பயப்பட ஒன்றுமில்லை. வால்வுகளைத் தூக்கிவிடும் டேப்பட்டுகளுக்கு ஆயில் ஏறக் கொஞ்சம் நேரம் பிடிக்கும். ஏறியதும் அடங்கிவிடும். அடங்காவிட்டால், முதலில் சற்று இளகலான நல்ல ஆயிலை மாற்றிப் பார்க்க வேண்டும். உள்ளே அடைத்திருக்கும் கசடு கரைந்து வழி திறக்கும். இந்த அஜ்லூன் மலையூரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே எல்லோருக்கும் ஒரே வைத்தியம்தான் தெரியும். சத்தமா, கெட்டி ஆயிலை ஊற்று. காய்ச்சல்காரன் மேல் போர்வையைப் போர்த்திவிட்டு குணமாகிவிட்டது என்பார்களே, அந்தப் புத்தி.

ஐயா, நீங்கள் என்னைச் சாட்சியாகத்தான் கூப்பிட்டீர்கள். உங்கள் போக்குவரத்துப் பிரிவு சார்ஜென்ட் சொன்னதை வாசித்துக் காட்டினீர்கள். ஆயில் கடைக்காரர் ஹிக்மத், விவரம் போதாமல் தவறான ஆயிலைக் கொடுத்துவிட்டார் என்று. அதன் கீழே கையெழுத்துப் போடச் சொல்கிறீர்கள். போட முடியாது. ஆயில் விஷயத்தில் நான் தவறு செய்ததில்லை. அந்த சார்ஜென்ட்டுக்கு மீசையைத் தவிர வேறு எதுவும் சரியாக வளரவில்லை என்று நினைக்கிறேன்.

ஃபவ்வாஸை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஊரில் எல்லோருக்கும் தெரியும், அவனுடைய ஒரே தகுதி அதுதான். இங்கிருந்து பள்ளத்தாக்குக்கு ஆள் சேர்த்து ஏற்றும் சர்வீஸ் டாக்சி ஓட்டினான். யார் ஏறினாலும் தர்ப்பூசணி விதைப் பொட்டலத்தை நீட்டுவான். ஜோக் சொல்லிவிட்டு அவனே முதலில் சிரிப்பான். அவனைக் கண்டாலே சனங்களுக்கு முகம் மலர்ந்துவிடும். சனங்களுக்கு முகம் மலரப் பெரிதாக எதுவும் தேவைப்படுவதில்லை.

என் தங்கை நுஹாவும் அந்தச் சனங்களில் ஒருத்தி என்று எனக்குத் தாமதமாகத்தான் தெரிந்தது. புருஷன் இறந்த பிறகு என் வீட்டுக்கு வந்தவள். சமைத்தாள், துவைத்தாள், மாலையில் நான் பேசுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கு ஒரு குறையும் இல்லை. அதனால் அவளுக்கும் இருக்காது என்று இருந்தேன். ஆலிவ் பறிப்பு முடிந்த சமயத்தில் ஃபவ்வாஸ் தன் தாயாரோடு பெண் கேட்டு வந்தான். மரியாதையாக மறுக்க நான் வார்த்தை தேடிக்கொண்டிருந்தபோது நுஹா காப்பித் தட்டோடு உள்ளே வந்து, “எனக்குச் சம்மதம்ணே” என்றாள். தட்டைக்கூட அவள் இன்னும் கீழே வைக்கவில்லை. நிக்காஹ் எழுதியாயிற்று. வசந்தத்தில் விருந்து வைத்து அழைத்துப் போவதாக ஏற்பாடு.

மழை தொடங்கியதும் அவன் தன் பழைய ஜெர்மன் காரைக் கடை வாசலில் கொண்டுவந்து நிறுத்தினான். எஞ்சினை அணைக்காமலே இறங்கினான்.

“மச்சான், இந்தக் கெழவி பல்லைக் கடிக்கிறா. என்ன வேணும்னு நீங்களே கேளுங்க.”

எதிர்க் கடையில் ஃபலாஃபில் வடை பொரிக்கிற ஜிர்யஸ் கரண்டியும் கையுமாக வந்துவிட்டான். “டேப்பட்டுண்ணே. நல்லாக் கெட்டியா ஊத்துங்க, வாய மூடிக்கும்.”

“அப்ப எனக்கு ஒரு டின்னு சேத்துக் குடுங்க மச்சான். நுஹா வந்த பெறகு தேவைப்படும்.”

தெருவே சிரித்தது. நான் நீளமான ஸ்க்ரூடிரைவரை எடுத்து, முனையை எஞ்சினிலும் பிடியை என் காதிலும் வைத்தேன். மேலே டேப்பட் சத்தம் இருந்தது. அதற்கு அடியில் இன்னொன்றும் இருந்தது. கனமான சத்தம், மூடிய கதவை உள்ளேயிருந்து ஒருவன் தட்டுவது போல. பிஸ்டன் ராடைக் கிராங்க் தண்டோடு சேர்க்கும் ராடு பேரிங் தேய்ந்துவிட்டிருந்தது. அதனால் ஆயில் அழுத்தம் விழுந்து, டேப்பட்டுகள் மேலே பட்டினி கிடந்தன. அப்படியே ஓட்டினால் ஒருநாள் பேரிங் கிராங்கைக் கவ்விக்கொள்ளும். எஞ்சின் சட்டென்று நிற்கும். கியரில் இருந்தால் பின்சக்கரங்களும் கூடவே நிற்கும்.

நான் நிமிர்ந்து, “டேப்பட்தான்” என்றேன்.

இருப்பதிலேயே கெட்டியான ஆயிலை ஊற்றினேன். இரண்டு சத்தமும் அமுங்கின. ஃபவ்வாஸ் என் தலையைப் பிடித்து நெற்றியில் முத்தம் கொடுத்தான். வெங்காயம் நாறியது. ஐயா, அவனுக்கும் காது இருந்தது. அந்தக் காதால் அவன் கேட்க விரும்பியது நிசப்தத்தை மட்டும்தான். கேட்டதைக் கொடுத்தேன்.

சில வாரம் கழித்து மறுபடி வந்தான். இந்த முறை முன்சீட்டில் நுஹா இருந்தாள்.

“மச்சான், சத்தம் இல்ல. ஆனா வண்டி நின்னா ஆயில் பிரஷர் முள்ளு படுத்துக்குது. இவ அதையே பாத்துட்டு வரா. என் மூஞ்சியப் பாக்க மாட்டேங்கிறா.”

நுஹா கண்ணாடியை இறக்கினாள். “அண்ணே, நீ ஒரு தடவ பாரு. நீ சரின்னா சரி.”

அவள் ஒருத்திக்குத்தான் அந்தத் தெருவில் மூளை இருந்தது. அதையும் அவனிடம் போய் வீணடித்தாள். சென்சாருக்குக் கிறுக்குப் பிடித்திருக்கிறது என்றேன். அவர்கள் இருவரும் ஜிர்யஸ் கடையில் நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது சென்சாருக்குப் போகிற ஒயரைக் கழற்றி, ஒரு சின்ன ரெசிஸ்டரை வைத்து மூடினேன். அதன் பிறகு ஆயில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் முள் முழு அழுத்தம் காட்டுகிற மூன்றில் நிற்கும். இந்தக் கருவி பொய் சொல்லாது என்று சனங்கள் நம்புகிற கருவி அது. ஃபவ்வாஸ் திரும்பி வந்து பார்த்துக் கைதட்டினான்.

உங்கள் சார்ஜென்ட் இந்த ஒயரைப் பார்க்கவில்லை. நசுங்கிய வண்டிக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். இப்போது போனாலும் பார்க்கலாம், கறுப்பு டேப் சுற்றியிருக்கும்.

அன்று வீட்டுக்கு வந்ததும் நுஹாவிடம், விருந்து முடியும்வரை அவன் வண்டியில் ஏறாதே, ஊர் தப்பாகப் பேசும் என்றேன். “நிக்காஹ்தான் ஆயிடுச்சேண்ணே” என்றாள். நான் கண்டிப்பாகச் சொன்னேன். அவள் ஏறவில்லை. நான் அவள்மேல் வைத்திருக்கும் பாசத்துக்கு இதற்கு மேல் சான்று வேண்டுமா?

குஃப்ரஞ்சா ஊரைத் தாண்டி இறங்குகிற வளைவில் அது நடந்தது. சாலை ஈரமாக இருந்தது. இறக்கத்தில் கியரில் போட்டு எஞ்சினால் வேகத்தைப் பிடிப்பது அவன் வழக்கம். அந்த வழக்கம் எனக்குத் தெரியும். பின்சக்கரங்கள் பூட்டிக்கொண்டன, வண்டி சுழன்று ஓக் மரங்களுக்கிடையே கீழே போயிற்று. ஃபவ்வாஸ் அங்கேயே இறந்தான். பின்சீட்டில் இருந்த பள்ளி ஆசிரியை ஆஸ்பத்திரியில் இறந்தாள். அந்த நேரத்துக்கு ஒரு பஸ்ஸும் உண்டு. அதில் போயிருக்கலாம்.

பயணிகளைப் பற்றி யோசிக்கவில்லையா என்று கேட்கிறீர்கள். யோசித்தேன். சர்வீஸ் டாக்சி காலியாகப் போவதில்லை என்று எனக்குத் தெரியாதா? என்னை முட்டாள் என்று எழுதுகிற பக்கத்தை முதலில் கிழியுங்கள். அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன்.

அடக்கம் முடிந்த அன்று துக்க வீட்டில் எல்லோருக்கும் சர்க்கரையில்லாத காப்பி கொடுத்தது நான்தான். ஜிர்யஸ் என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். “ரெண்டு தடவ நீங்க பாத்துக் குடுத்த வண்டிண்ணே, என்ன விதியோ” என்றான். அவன் அழும்போதும் எண்ணெய் வாடைதான்.

அன்று மாலை நுஹா என் அறை வாசலில் வந்து நின்றாள். கண்ணில் ஈரமில்லை.

“என்னை மட்டும் ஏன் ஏற வேண்டாம்னு சொன்னே?”

“ஊர் பேசும்னுதான்.”

“ஊர் பேசும்னு நீ எப்பண்ணே கவலைப்பட்டிருக்க?”

அவள் துணிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு ஃபவ்வாஸின் தாயார் வீட்டுக்குப் போய்விட்டாள். வண்டியைத் திரும்பப் பார்க்கச் சொல்லி உங்களிடம் ஒரு பெண் வந்து நின்றதாகச் சொன்னீர்கள். அந்தத் தாயாராகத்தான் இருக்கும். அந்த வயதில் அழுகை எங்காவது போய் முட்டத்தான் செய்யும்.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். ஆயில் தவறானதல்ல. எந்த ஆயில் என்ன செய்யும் என்று தெரிந்து, பேரிங் எப்படிப் போகும் என்று தெரிந்து, முள்ளை நானே நிறுத்திவைத்து, இரண்டு பேரைக் கொன்றேன். ஹிக்மத் என்ற பெயரைச் சரியாக எழுதுங்கள். இங்கே கையெழுத்துப் போடுகிறேன்.

நுஹாவிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டாம். அவளுக்குப் புரியாது. இப்போது துக்கத்தில் இருக்கிறாள், அதனால்தான் நான் போனால் கதவைத் திறப்பதில்லை. விதவை இருக்க வேண்டிய இத்தாக் காலம் முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுவாள். அவளுக்கு என்னை விட்டால் வேறு யார் இருக்கிறார்கள்?