ஆழம் பாக்கிற மிசின்

— இது வேண்டாம், றெஜினோல்ட். தட்டு சின்னன்.

— இராசலிங்கமண்ணை, மண்ணுக்க கிடக்கிற காசு, மோதிரம் தேடுறதுக்கு இந்த மிசின் காணும். பாரமும் இல்லை.

— எவ்வளவு ஆழம் பாக்கும்?

— ஒரு சாண் எண்டு கடைக்காரன் சொல்லுறான்.

— விக்கிறவன் சொன்னா அரைச் சாண்.

— பெரிய தட்டு உங்கட தோளுக்கு ஏலாது. ஆறு வருசம் மிசினைத் தொடாமல் இருந்திட்டு…

— என்ர தோளை நான் பாக்கிறன். அது எவ்வளவு ஆழம்?

— பெரிய இரும்பெண்டா முழங்காலுக்குக் கீழயும் பிடிக்குமாம். உங்களுக்கு என்னத்துக்கு அவ்வளவு ஆழம்?

— சும்மா. பொழுதுபோக்கு.

— கடைக்காரனை ஏன் முறைக்கிறியள், அண்ணை?

— அவன் சிரிக்கிறான். சிரிக்கிறவனிட்டச் சாமான் வாங்க எனக்குப் பயம்.

— எங்க தேடப் போறியள்? இங்க மிசின் பிடிக்க அனுமதி வேணுமெல்லோ, எடுத்தனீங்களோ?

— மகளின்ர தோட்டத்தில. அதுக்கென்ன அனுமதி.

— சுபானியின்ர தோட்டத்திலயோ? அங்க புல்லும் நான் நட்ட செரிமரமும்தானே.

— அதுவும் ஒரு மரம். நட்ட நடுவில கொண்டந்து நட்டாய். இண்டைக்கு வரை ஒரு பழம் இல்லை.

— …ஏன் இப்ப அவசரம்?

— திங்கக்கிழமை தண்ணிக் குழாய் புதைக்கிறதுக்கு மண் அள்ளுற பாகர் வந்து கிண்டப் போகுதாம். பேரப்பிள்ளையள் அதைப் பாக்கவெண்டு துள்ளுதுகள்.

— எந்த இடத்தில கிண்டுறாங்கள்?

— நடுவால. உனக்கு ஏன் முகம் வெளுக்குது?

— மரத்தை?

— முதல் அதைத்தான் பிடுங்குவாங்களாம்… றெஜி, ஆரிட்டயும் சொல்லாதை. தோட்டம் என்ர கையில இருக்கேக்க பழைய மிசின் ஒருநாள் விடாமல் கத்தினது. கிண்டினன். முழங்கால் ஆழத்தில தடிச்ச இரும்பு… வால்த் தகட்டோட.

— குண்டு.

— ஊரில எத்தினை பாத்தனாங்கள். எனக்குத் தெரியாதோ? மூடிப்போட்டு வந்திட்டன்.

— டோர்ட்மண்டில உப்பிடி உலகப்போர்க் குண்டு எத்தினை எடுத்திருக்கிறாங்கள். பொலிசுக்கு ஒரு சொல்லு…

— அனுமதி இல்லாமல் மிசின் பிடிச்சவன் நான். ஜெர்மன் பாஸ்போட்டுக்கு எழுதிப் போட்டிருந்த நேரம். அடுத்த நாளே மிசினை உனக்கு வித்தன்.

— இப்பவாவது சொல்லலாமே.

— எங்க எண்டு சொல்லுறது? மருமகன் கொட்டிலைப் பிரிச்சு, வேலியை மாத்தி, புல்லுப் போட்டிட்டான். இடம் காட்டாட்டி கிழவனுக்கு மண்டை கழண்டிட்டுது எண்டுவாங்கள். நீ அந்தப் பெரிசை எடு.

— மிசினை வையுங்கோ, அண்ணை.

— ஏன்?

— அது தேவையில்லை.

— காசு என்ர காசு…

— உங்கட மிசினை வாங்கினவன் முதல்முதல் அதை எங்க பிடிச்சுப் பாத்திருப்பான்? நீங்கள் இல்லாத நேரம், உங்கட தோட்டத்திலதான். என்னட்டயும் அனுமதி இல்லை. குண்டைக் கண்டிட்டு நானும் மூடினன்… போனை எடுங்கோ, பொலிசோட நான் கதைக்கிறன். அந்தச் செரி காய்க்கிறதுக்கு நட்டதில்லை, அண்ணை. ஒருத்தரும் அதில கிண்டக் கூடாதெண்டு நட்டது.