யூனிஸ் டீச்சர் மாற்றிய கடைசிப் பதினாறு பக்கங்கள்

மேடையில் இருக்கும் போதகர் ஐயா அவர்களே, தலைமையாசிரியை சரோஜா அம்மா அவர்களே, துக்கத்தோடு வந்திருக்கும் பெரியோர்களே, விடுதி மாணவிகளே! நான் தேரடி வீதியில் அச்சகம் வைத்திருக்கும் நூருல்லா. தலைச்சுமையாகக் காகிதம் தூக்கி வியாபாரத்துக்கு வந்தவன். அழகாகப் பேச வராது; நடந்ததைச் சொல்கிறேன்.

நல்லாசிரியை யூனிஸ் தேவாசீர்வாதம் அம்மையார் போய்விட்டார். கிறிஸ்தவப் பெண் பிள்ளைகளுக்கென்று துப்பறியும் கதை எழுத இந்த ஊரில் வேறு யார் இருந்தார்கள்? அவர் கதைகளில் வரும் ரூபி என்ற பெண் முதலில் ஜெபம் பண்ணுவாள். பிறகு எழுந்து போய்த் துப்புத் தேடுவாள். "கனவுல ஒரு தேவதூதன் வந்து திருடன் யாருன்னு சொல்லட்டுமே டீச்சர், ஜாஸ்தி விக்கும்" என்றேன் ஒருமுறை.

"தேவதூதனுக்கு வேற வேலை இருக்கு பாய். கர்த்தர் தைரியம் குடுப்பாரு. கண்ண அவதான் தொறந்து பாக்கணும்" என்றார்.

எழுபத்தாறாம் வருஷம், சர்ச்சில் திராட்சரசம் கொடுக்கும் திருவிருந்துக் கிண்ணம் காணாமல் போகும் கதையை அச்சடித்தோம். எங்கள் பைண்டர் ராஜேந்திரன் கடைசிப் பதினாறு பக்கங்களைச் சேர்க்காமலே ஒரு கட்டுப் புத்தகத்தைத் தைத்து விடுதிக்கு அனுப்பிவிட்டான். துப்பறியும் கதைக்கு முடிவு இல்லை! ஞாயிறு ஆராதனை முடிந்ததும் பிள்ளைகள் முடிவைக் கேட்டுக் கடை வாசலில் வந்து நின்றார்கள். துணைக்கு வந்தவர் விடுதி ஆயா வெள்ளையம்மாள். டீச்சரும் அப்போது கடையில் இருந்தார்.

"கிண்ணத்த யாருடி எடுத்தது, சொல்லுங்க பாக்கலாம்?"

"கதையில வர்ற ஆயாதான் டீச்சர்!" எல்லோரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

"எப்டிக் கண்டுபுடிச்சீங்க?"

"அதுல அவ ஒருத்திதானே டீச்சர் ஏழை?"

டீச்சர் எழுதியிருந்த முடிவும் அதுதான். அவர் முகம் மாறிவிட்டது. வெள்ளையம்மாள் சிரித்தபடி சொன்னார்: "நானும் அப்டித்தான் நெனச்சேன் டீச்சர், புள்ளைங்க படிச்சிக் காட்டுனப்போ. கதைன்னா எங்கள மாதிரி ஆளுங்கதானே எடுக்கணும்?" வெள்ளையம்மாள் இதோ உட்கார்ந்திருக்கிறார், கேட்டுப் பாருங்கள்.

பிள்ளைகள் போனதும் டீச்சர் என்னிடம் வந்தார். "துப்பு வச்சிப் புடிக்கல பாய். ஏழைன்னு வச்சிப் புடிச்சிருக்குதுங்க. நான்தானே அப்டிக் கத்துக் குடுத்திருக்கேன்? கடைசிப் பாரத்தை, அந்தப் பதினாறு பக்கத்தை, பழைய பேப்பர் எடைக்குப் போட்டுடுங்க. வேற முடிவு எழுதித் தரேன்."

"அச்சாயிடுச்சே டீச்சர்! முன்னாடி பக்கமெல்லாம் என்ன ஆவுறது?"

"அதுல ஒரு எழுத்தும் மாத்த வேணாம். நல்லாப் படிச்சிப் பாருங்க."

படித்தேன். கிண்ணம் இருந்த அலமாரியின் சாவி முதல் அத்தியாயத்திலேயே சபைச் செயலாளர் கையில் இருக்கிறது! யாராவது அவரைச் சந்தேகப்பட்டோமா? புது முடிவில் அவர்தான் திருடன். கடைசிப் பக்கத்தில் ரூபி, தான் சந்தேகப்பட்ட ஆயாவின் முன்னால் போய் நின்று மன்னிப்புக் கேட்கிறாள்.

அதற்கு என்ன பலன் கிடைத்தது? சபைக்கு அவமானம் என்றார்கள் சபைப் பெரியவர்கள். சபைப் புத்தக மேசையில் அந்தப் புத்தகத்தை வைக்கவில்லை. பழைய முடிவைப் போடு, இல்லையென்றால் ஞாயிறு பள்ளி வகுப்பை விடு என்றார்கள். டீச்சர் வகுப்பை விட்டார். ஆனால் ஆராதனையை விடவில்லை. கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தார். புத்தகம் என் கடையில், பஞ்சாங்கத்துக்குப் பக்கத்தில் விற்றது. எந்த மதத்துப் பிள்ளை வாங்கவில்லை?

இதையெல்லாம் ஏன் இன்றைக்குச் சொல்கிறேன்? நேற்று சிலர் கடைக்கு வந்தார்கள். "பாய், டீச்சரோட எட்டு புத்தகத்தையும் ஒண்ணாப் போடுங்க, செலவு எங்களுது. அந்த ஒண்ணுல மட்டும் பழைய முடிவ வச்சிடுங்க. அவங்கதான் இப்ப இல்லையே" என்றார்கள். அவர்களும் இங்கே இருக்கிறார்கள். பெயர் சொல்லமாட்டேன்.

ஐயா, நான் வியாபாரி. செலவை இன்னொருவர் ஏற்றுக்கொண்டால் சந்தோஷப்படுகிறவன். இதற்குச் சந்தோஷப்பட முடியுமா? இருந்தபோது அவர் வகுப்பை எடுத்துக்கொண்டீர்கள். இறந்த பிறகு அவர் எழுத்தையும் எடுப்பதற்கு என் கையைக் கேட்கிறீர்களா?

எட்டுப் புத்தகங்களும் வரும். என் செலவில் வரும். டீச்சர் எப்படி முடித்தாரோ அப்படியே வரும். இந்தப் பிள்ளைகளில் யாராவது ஒன்பதாவதை எழுதினால் அதையும் அச்சடிப்பேன். இது சபையறிய நான் கொடுக்கும் வாக்கு. கோபம் இருக்கிறவர்கள் கடைக்கு வாருங்கள். டீ வாங்கித் தருகிறேன், பழைய முடிவைத் தரமாட்டேன். வணக்கம்.