வரப்போர மரம்

எங்கள் கிணற்றுத் தண்ணீர் சற்று உப்புக் கரிக்கும், ஐயா. ஆனாலும் தென்னைக்கு ஒத்துக்கொள்ளும். கிணத்துக்கடவுக்குத் தெற்கே நானும் என் சித்தப்பா மகன் செங்கோடனும் அடுத்தடுத்துத் தோப்பு வைத்திருந்தோம். நடுவில் ஒரு வரப்புதான்.

தொண்ணூற்று மூன்றில் என் தோப்பில் தஞ்சாவூர் வாடல் நோய் வந்தது. முதலில் அடிமரத்தில் செம்பழுப்பாய் நீர் கசியும். மட்டைகள் தொங்கிவிடும். பிறகு தூரை ஒட்டி ஒரு காளான் முளைக்கும். மேற்புறம் வார்னிஷ் அடித்தாற்போல் சிவப்பாய் மினுங்கும். திருப்பிப் பார்த்தால் ஊசியால் குத்தினாற்போல் துளை துளையாய் இருக்கும். அது வெளியே தெரியும்போது உள்ளே மரம் உளுத்திருக்கும். இரண்டு வருடத்தில் அறுபது மரங்களை வெட்டினேன். மனைவி அதற்கு முன்பே இறந்துவிட்டாள். பிள்ளைகள் இல்லை.

செங்கோடன் நல்லவன். தினமும் நாலு இளநீர் கொண்டுவந்து வைப்பான். "ஏனுங்ணா, நம்மூட்டுத் தோப்பு இருக்குதுங்கல்ல, உங்களுக்கென்ன கவலை?" என்பான். அவன் மனைவி தெய்வாத்தாள் சோறு கொடுத்தனுப்புவாள். அந்த இரக்கத்தைத் தின்று தின்று எனக்கு அலுத்துப்போயிற்று. கோபமெல்லாம் இல்லை.

அவர்கள் கொடுமுடிக்குப் போயிருந்த ஒரு பகலில், என் தோப்பின் அழுகிய வேர்களையும் காளான்களையும் இரண்டு கூடை அள்ளிப்போய் அவன் மரங்களின் தூரில் புதைத்தேன். தண்ணீரும் பாய்ச்சினேன். பிறகு கை கால் கழுவிக்கொண்டு வந்து படுத்தேன். நல்ல தூக்கம்.

ஒன்றரை வருடத்தில் அவன் தோப்பும் வாடியது. யோசனை கேட்டு என்னிடம்தான் வந்தான். நோய் கண்ட மரத்தைச் சுற்றிக் குழி வெட்ட வேண்டும், அங்கிருந்து அடுத்த மரத்துக்குத் தண்ணீர் போகக்கூடாது. அது எனக்குத் தெரியும். "தண்ணிய நல்லா உடு, தெளிஞ்சுக்கும்" என்றேன். விட்டான். சாயங்காலங்களில் இருவரும் வரப்பில் உட்கார்ந்திருப்போம். என் வாழ்வில் நிம்மதியான காலம் அது.

ஆனால் அவன் தேறிவிட்டான். போன மாதம் சிரித்துக்கொண்டே வந்தான். "மிச்சத்தையும் வெட்டிப்போட்டு மஞ்ச வெக்கலாம்னு இருக்கறனுங்ணா. அழுதா மரம் வந்துருமுங்களா?" என்றான். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

செவ்வாய்க்கிழமை மரமேறுகிறவர் வரவில்லை. அவன் பக்கத்து வரப்போர மரத்தில் ஒரு குலை இருந்தது. மட்டைகூட இன்னும் பச்சைதான். தெய்வாத்தாள் கோயிலுக்குக் காய் கேட்டாளாம். அவனே காலில் கயிற்றை மாட்டிக்கொண்டான். அவன் நின்ற பக்கம் அடிமரம் சுத்தமாக இருந்தது. நான் நின்ற பக்கம், விரித்த கை அகலத்துக்குக் காளான்.

"தாங்குமுங்களாண்ணா?"

"தாங்கும். ஏறு கண்ணு."

பாதிக்கு மேல் போனபோது மரம் அடியோடு முறிந்தது. அப்படியொன்றும் பெரிய சத்தமில்லை.

நீங்கள் விபத்து என்று எழுதிக்கொண்டு போனதாகச் சொன்னார்கள். தெய்வாத்தாள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்களாச்சும் இருக்கறீங்களே மாமா" என்று அழுகிறாள். அதைக் கேட்டுக்கொண்டிருக்க எனக்குத் தெம்பில்லை, அதனால்தான் நானாக வந்தேன். நான்தான் கொன்றேன் என்று திருத்தி எழுதிக்கொள்ளுங்கள். பொறாமை என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், ஐயா. அவனை விட்டால் எனக்கு யார் இருந்தார்கள்?