மூன்றரை மணி வித்தியாசம்

கீச்சென்று மூன்று தரம் கத்திவிட்டு நின்றது கம்ப்யூட்டர். நீங்கள் கேட்ட விஷயம் அங்கேதான் ஆரம்பித்தது, இன்ஸ்பெக்டர் சார். அந்தக் கத்தலுக்குப் பயப்பட வேண்டியதில்லை. ஃப்ளாப்பியைப் படிக்கிற முனையில் தூசு சேர்ந்தால் அப்படித்தான் கத்தும்.

"ஏன்டா மௌலி, அமெரிக்காக் கொழந்தை அழுதுண்டே இருக்கே, பசியா?" என்றார் வேங்கடசுப்ரமணியன் மாமா.

மாட்டுங்காவில் அவர் பொருத்தம் பார்த்துச் சொன்னால்தான் கல்யாணம். கண்ணில் புரை விழுந்து பஞ்சாங்கம் படிக்க முடியாமல் போகவே, அமெரிக்காவிலிருக்கும் மருமான் ஒரு கம்ப்யூட்டரும் ஜாதகம் கணிக்கும் புரோகிராமும் அனுப்பியிருந்தான். இரண்டாவது ஃப்ளாப்பியோடு அது நின்றுவிட்டது. சர்வீஸ் வேலை பார்ப்பவன் என்று என்னைச் செம்பூரிலிருந்து கூப்பிட்டார்.

எழுபத்தொன்பதில் என் அக்கா நாகலக்ஷ்மிக்குச் செவ்வாய் தோஷம் என்று சொன்னவர் அவர்தான். நிச்சயமான கல்யாணம் நின்றது. பிறகு ஒரு வரனும் வரவில்லை. இன்றும் ஃபோர்ட்டில் ஓர் ஆபீஸில் டைப் அடிக்கிறாள்.

துணியில் ஸ்பிரிட் தொட்டு முனையைத் துடைத்தேன். மூன்று ஃப்ளாப்பியும் ஏறின. கடைசியில், லண்டனுக்கும் நமக்கும் எத்தனை மணி வித்தியாசம் என்று திரை கேட்டது. ஐந்தரை என்று போட வேண்டும். மூன்றரை என்று போட்டேன்.

இரண்டு மணி பிசகினால் நட்சத்திரம் பெரும்பாலும் மாறாது. மாறினால் வீட்டாரே கண்டுபிடித்துவிடுவார்கள். லக்னம் மட்டும் நகரும். சில ஜாதகங்களில் செவ்வாய் இருக்கக்கூடாத வீட்டில் போய் உட்காரும்.

"மிஷின் பொய் சொல்லாதுடா" என்று மாமா காபி கொடுத்தார். நன்றாக இருந்தது.

ஒரு வருஷம் கழித்துத் தப்பையெல்லாம் எடுத்துக்காட்டி, அவர் வாக்கைச் சந்தி சிரிக்க வைப்பதாகத் திட்டம். அதற்குச் சில கல்யாணங்களாவது நிற்க வேண்டும் அல்லவா? பதினோரு கல்யாணம் நின்றது. அந்தப் பெண்கள்மேல் எனக்குக் கோபம் கிடையாது. பன்னிரண்டாவதாகக் கல்யாணம் நின்ற பெண் அகிலாண்டம் ரயில் முன்னால் போய் நின்றாள். அதை நான் எதிர்பார்க்கவில்லை. மறுநாள் மாமா வீட்டுக்குப் போனேன், மூன்றரையைத் திருத்த அல்ல.

"என் வாக்காலே ஒரு பொண்ணு போயிட்டாளேடா" என்றார். ஆமாம் மாமா என்றேன். அதைக் கேட்கத்தான் ஒன்பது வருஷம் காத்திருந்தேன்.

நேற்று அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உனக்காகத்தான் செய்தேன் என்றேன்.

"அந்தப் பையன் வேண்டாம், எதையாவது சொல்லி நிறுத்துங்கோ மாமான்னு அன்னிக்கு அவர் கால்ல விழுந்தது நான்தான்டா, மௌலி."