பத்து நிமிடத்துக்கு ஒரு ஜன்னல் சீட்டு

செங்கல்பட்டில் கிளம்பிய காலை மின்சார ரயிலில் எனக்கு எதிரே ஒருவர் ஜன்னலோரம் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். கூடுவாஞ்சேரியில் கூட்டத்தோடு ஏறிய அவருடைய நண்பர் அவரைப் பார்த்துத் திகைத்தார்.

"இன்னா மச்சான், உன் வூடு இங்கதான கீது? செங்கல்பட்டுலேந்து வர்ற?"

"இங்க ஏறுனா நிக்கவே எடம் இல்ல. அதான் எதிர் வண்டில செங்கல்பட்டு போயி, காலி வண்டில சீட்டு புடிச்சிகினு வரேன்."

"எங்க எறங்கணும்?"

"வண்டலூரு."

"இங்கேந்து பத்து நிமிஷம்கூட ஆவாதே."

"தெரியும். அதுக்கு ஒன்றரை மணி நேரம் முன்னாடியே கெளம்புறேன். வூட்ல நான் பெரிய ஆபீசர்னு நெனச்சிகினு கீறாங்க."

வண்டலூர் வந்தது. அவர் எழுந்து, வாசலை அடைத்து நின்றவர்களுக்கு நடுவே நாலடி நகர்வதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. திரும்பிப் பார்த்தார். அவருடைய சீட்டில் நண்பர் உட்கார்ந்திருந்தார்.

"எறங்கிட்டன்னு நெனச்சேன், மச்சான்."

"பரவால்ல, உக்காரு," என்றார் அவர், மேலே இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டு. "நேத்து உக்காந்தவரு இதுகூட சொல்லல."